லிங்க்ஹார்ன் என்று எழுதப்பட்ட நிலம்

அமெரிக்காவின் 16ஆம் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கன், நாடாளுமன்ற உறுப்பினராக வாஷிங்டனில் இருந்த 1848ஆம் ஆண்டில், மாசசூசெட்ஸின் ஹிங்கம் ஊர் வரலாற்றை எழுதிய சாலமன் லிங்கனுக்குத் தம் முன்னோரைப் பற்றி ஒரு மடல் வரைந்தார். பாட்டனார் வர்ஜீனியாவின் ராக்கிங்கம் கவுண்டியிலிருந்து கென்டக்கிக்குக் குடியேறி அங்கே பூர்வகுடிகளால் கொல்லப்பட்டார் என்பதும், கொள்ளுப்பாட்டனார் பென்சில்வேனியாவிலிருந்து வந்த குவாக்கர், அதாவது போரை மறுக்கும் கிறித்தவப் பிரிவினர், என்பதுமே அவர் கேள்விப்பட்டவை. அதற்கு மேல் ஏதும் அறியார். எல்லைப்புறக் குடும்பங்கள் தலைமுறைதோறும் நிலத்தை விற்று மேற்கே நகர்ந்ததால், ஓரிரு தலைமுறையிலேயே வழிவழிச் செய்தி அறுந்துபோவது இயல்பாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு நகர்வும் ஒரு கிரயப் பத்திரத்தையோ உயிலையோ அளவைக் குறிப்பையோ நீதிமன்றத்தில் விட்டுச் சென்றது. பிற்கால ஆய்வாளர்கள் குடும்பம் மறந்ததை மீட்டது அத்தாள்களிலிருந்துதான்.

1736இல் பென்சில்வேனியாவில் இறந்த மார்டிகாய் லிங்கன் என்பவர், நியூ ஜெர்சியில் தமக்கிருந்த நிலத்தை மூத்த மகன் ஜானுக்கு உயில்வழி விட்டுச் சென்றார். 1748இல் அந்நிலத்தை விற்ற ஜான், பத்திரத்தில் மார்டிகாயின் மகனும் வாரிசும் என்றே குறிக்கப்பட்டார். 1768இல் வர்ஜீனியாவுக்குப் பெயர்ந்த ஜானே குடியரசுத் தலைவரின் கொள்ளுப்பாட்டனார் என்பதால், 1637இல் இங்கிலாந்திலிருந்து வந்து ஹிங்கத்தில் குடியமர்ந்த நெசவாளர் சாமுவேல் லிங்கன் வரை, மார்டிகாய் வழியே சங்கிலி முழுமையாகிறது. லிங்கன் 1848இல் மடல் எழுதி அனுப்பிய அதே ஊரில்தான் அவருடைய வேர் இருந்தது.

குவாக்கர் என்ற வீட்டுச் செய்தி ஆவணத்தின் முன் நிற்பது கடினம். ஜானின் தம்பி ஆபிரகாம் 1760இல் எல்லைப்புற முன்னோடி டேனியல் பூனின் உறவினரான ஆன் பூனை மணந்தபோது, பென்சில்வேனியாவின் எக்செட்டர் குவாக்கர் சபை, தன் உறுப்பினரல்லாத ஒருவரை மணந்ததற்காகப் பெண்ணிடம் விளக்கம் பெற்றுக் குறிப்பேட்டில் பதிந்தது. மணமகன் சபைக்கு வெளியே நின்றவர் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை; அவருடைய அண்ணன் ஜான் குவாக்கர் என்ற செய்தியும் இதனால் ஐயத்துக்குரியதாகிறது.

ஜானின் மகனும் குடியரசுத் தலைவரின் பாட்டனாருமான இன்னோர் ஆபிரகாம், 1780இல் வர்ஜீனிய நிலத்தை விற்று, கென்டக்கியில் 400 ஏக்கருக்கான வாரண்டை வாங்கினார். வாரண்டு என்பது அரசுக்குப் பணம் கட்டியவர், பிறர் எவரும் உரிமை கொள்ளாத நிலத்தைத் தேர்ந்து அளந்துகொள்ளத் தரப்பட்ட உத்தரவு. எழுத்தர் அதில் அவர் பெயரைக் காதால் கேட்டபடி லிங்க்ஹார்ன் என்று எழுதிவிட்டார். எனவே லிங்கன் என்ற பெயரை மட்டும் தேடுவோர் கண்ணுக்கு அந்நிலம் தட்டுப்படாது. 1785 மே மாதம் லாங் ரன் ஓடைக்கரையில் நடந்த அளவையின் குறிப்பு, மேப்பிள் போன்ற மரங்களை எல்லைகளாகச் சொல்லி, அடியில் அளவைச் சங்கிலி பிடித்தவர்களில் ஒருவராக மகன் ஜோசையாவையும், மரத்தில் வெட்டுக்குறி இட்டவராக ஆபிரகாமையும் பெயர் சுட்டுகிறது. ஒரு தந்தையும் மகனும் ஒரே நாளில் ஒரே காட்டில் நின்றதை இவ்வளவு அருகில் காட்டும் சான்று அக்காலத்தில் அரிது. அந்நிலத்தில் தலைமுறைகளாக வேட்டையாடி வந்த ஷானி மக்களின் உரிமைக்கு அத்தாளில் ஒரு சொல்லும் இல்லை என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

ஆபிரகாம் 1786இல் கொல்லப்பட்டார் என்று ஆய்வாளர்கள் கொள்கின்றனர். அந்த ஆண்டு வெறும் தேதி அன்று. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதியாக இருந்தது. உயிலின்றி இறந்தவரின் நிலம் முழுவதும் தலைமகனுக்கே சேரும் தலைமகன் உரிமையை நீக்கிய வர்ஜீனியச் சட்டம் 1787 ஜனவரி 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நிலம், கொள்ளுப்பாட்டனின் பெயரையே கொண்ட மூத்த மகன் மார்டிகாயிடம் போயிற்று. சிறுவனான கடைசி மகன் தாமஸ் நிலமின்றிக் கூலி வேலை செய்து வளர்ந்தார். 1790 மக்கள்தொகைக் கணக்கின் கென்டக்கித் தாள்கள் அழிந்துபோனதால், அவர் போன்றோரின் தடத்தை ஆண்டுதோறும் எழுதப்பட்ட வரிப் பட்டியல்களிலேயே தொடர வேண்டியிருக்கிறது.

குடியரசுத் தலைவரின் பெற்றோரான இந்தத் தாமஸும் நான்சி ஹாங்க்ஸும் முறையாக மணந்துகொள்ளவில்லை என்ற அவதூறு நெடுநாள் நிலவியதற்குக் காரணம், பதிவை வேறு கவுண்டியில் தேடியதே. லிங்கன் மறைந்து பல ஆண்டுகள் கழித்து வாஷிங்டன் கவுண்டி நீதிமன்றத்தில், மணமகனும் பிணையாளரும் கையெழுத்திட்ட 1806 ஜூன் 10ஆம் தேதி மணப் பிணைப் பத்திரமும், ஜூன் 12 அன்று அவர்களுக்கு மணம் செய்வித்ததாகப் போதகர் ஜெஸ்ஸி ஹெட் எழுதிக் கொடுத்த சான்றும் கிடைத்தன.