ஏறியவர் இருவர், பெயர் ஒருவருக்கு

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மிக உயர்ந்த சிகரம் மோன் பிளாங்க். உயரம் 4,800 மீட்டருக்குச் சற்று மேல். அடிவாரத்தில் ஷமோனி என்ற ஊர். இன்று அது பிரான்சில் இருக்கிறது, அன்று சார்டினிய அரசின் கீழ் இருந்தது. அந்த உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக ஜெனீவாவின் அறிஞர் சோஸ்யூர் 1760-இல் அறிவித்தார். இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் பரிசை வாங்க ஆள் வரவில்லை.

1786 ஆகஸ்ட் 7 அன்று இருவர் கிளம்பினார்கள். ஒருவர் ஊர் மருத்துவர் மிஷேல் பக்கார், வயது 29. மற்றவர் ழாக் பால்மா, வயது 24. மலையில் பளிங்குக் கற்களைத் தேடியெடுத்து விற்பது அவர் தொழில். கயிறு இல்லை, இன்றுள்ள பனிக்கோடரியும் இல்லை. நீண்ட கம்புகள்தான் துணை. அதோடு உயரத்தை அளக்க மருத்துவர் ஒரு பாரமானியையும் சுமந்து சென்றார். பனிப்பாறை நடுவே இரவு தங்கினால் உயிர் மிஞ்சாது என்று ஊரார் நம்பிய காலம் அது. இருவரும் பனிக்குக் கீழே ஒரு பாறை முகட்டில் படுத்துவிட்டு, விடியுமுன் எழுந்து நடந்தார்கள். மறுநாள் மாலை 6.23-க்கு உச்சியில் நின்றார்கள். அரை மணி நேரம்போல இருந்துவிட்டு இறங்கினார்கள். பனியின் கூசலில் மருத்துவருக்குக் கண் தெரியாமல் போயிற்று.

நிமிடக் கணக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கெர்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியப் பிரபு கீழே ஷமோனியிலிருந்து தொலைநோக்கியில் பார்த்து, நேரத்தையும் பாதையையும் குறித்து வைத்தார். முதல்தரமான வவுச்சர்!

ஆனால் வவுச்சர் பெட்டிக்குள் கிடந்தது, பேரேட்டில் வேறொன்று ஏறியது. பலமுறை முயன்று தோற்றிருந்த பூரி என்ற ஜெனீவா தேவாலயப் பாடகருக்குப் பொறாமை. அடுத்த மாதமே ஒரு கடிதம் எழுதி அச்சிட்டார். வழி கண்டவர் பால்மா, மருத்துவர் இழுத்துச் செல்லப்பட்டவர் என்பது அதன் சாரம். பக்கார் மறுத்தார், எடுபடவில்லை. பரிசு பால்மாவுக்கு. பக்கார் 1827-இல் இறந்தார். அதற்கு ஐந்தாண்டு கழித்து எழுத்தாளர் அலெக்ஸாந்தர் டூமா முதிய பால்மாவைச் சந்தித்து, அவர் சொன்னதை அப்படியே சுவையாக எழுதிவிட்டார். மறுத்துப் பேச அப்போது ஆள் இல்லை. இத்தனைக்கும் பக்கார் மணந்தது பால்மாவின் சகோதரியைத்தான்!

பால்மாவை முழுக்கக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் மலையில் இருந்த அந்த நாளில்தான் வீட்டில் அவருடைய கைக்குழந்தை இறந்தது. இறங்கி வந்த பிறகே அவருக்குத் தெரியும்.

1887-இல் ஷமோனியில் சிலை எழுந்தது. பால்மா உச்சியைக் கைகாட்ட, பக்கத்தில் சோஸ்யூர் நிமிர்ந்து பார்க்கிறார். பக்கார் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கெர்ஸ்டார்ஃபின் குறிப்புகள் ஆய்வாளர் கைக்கு வந்தன. இருவரும் சேர்ந்தே ஏறியதை அவை காட்டின. அதன் பிறகும் மருத்துவருக்கு அதே ஊரில் ஒரு சிலை வைக்க 1986 ஆகிவிட்டது. அவருடையது தனிச்சிலை. பாறைமேல் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.