ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸும் கெட்டிலுமா? தாங்குமான்னு தெரிஞ்சுக்க இந்தக் கணக்கு போதும்!

அயர்ன் பாக்ஸ் சூடாகிக்கொண்டிருக்கும்போதே, அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எலக்ட்ரிக் கெட்டிலையும் செருகுவது பல வீடுகளில் நடப்பதுதான். 'நாலு பிளக் பாயின்ட் இருக்கே, நாலும் போடலாம்தானே?' என்று தோன்றும். ஆனால் பாயின்ட் நாலு இருந்தாலும், மொத்த கரண்டும் வருவது ஒரே வயரில்தான். அந்த வயர் தாங்குமா என்பதைப் பள்ளியில் படித்த கணக்கே சொல்லிவிடும்.

மூணு விஷயம், ரெண்டு கணக்கு

மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம்தான் வோல்டேஜ். நம்ம வீட்டு லைனில் இது 230 வோல்ட். வயரில் ஓடும் மின்சாரத்தின் அளவு கரண்ட். இதை ஆம்பியரில் சொல்வார்கள். அந்த ஓட்டத்தைத் தடுப்பது மின்தடை. இதன் அலகு ஓம். இந்த மூன்றுக்கும் உள்ள தொடர்பை 1827-ல் வெளியிட்ட ஜெர்மனி இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் நினைவாக வந்த பெயர் இது.

மின்தடை = வோல்டேஜ் ÷ கரண்ட்
பவர் (வாட்ஸ்) = வோல்டேஜ் × கரண்ட்

உதாரணமாக, 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கும் அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொள்வோம்.

மின்தடை: 230 ÷ 4.35 = சுமார் 53 ஓம்
பவர்: 230 × 4.35 = சுமார் 1000 வாட்ஸ்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எவ்வளவு தாங்கும்?

பாக்ஸில் 6 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 230 × 6 = 1380 வாட்ஸ். எல்லா பாயின்ட்டுக்கும் சேர்த்தே இவ்வளவுதான்.

இப்போ 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸோடு 1500 வாட்ஸ் கெட்டிலும் சேர்ந்தால் மொத்தம் 2500 வாட்ஸ். இதை 230-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 10.9 ஆம்பியர். சொல்லப்போனால், கெட்டில் மட்டுமே 6.5 ஆம்பியர் இழுத்து அளவைத் தாண்டிவிடுகிறது.

எம்.சி.பி. காப்பாற்றாதா?

எப்போதும் காப்பாற்றாது. அந்த லைனுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தால், 10.9 ஆம்பியர் அதற்கு சாதாரண அளவு. அது டிரிப் ஆகாது. ஆனால் 6 ஆம்பியர் வயர் சூடாகிக்கொண்டே இருக்கும்.

லூஸ் பிளக் இன்னும் மோசம். வயரிலோ பிளக்கிலோ உருவாகும் வெப்பத்தைக் கணக்கிட, கரண்ட்டை அதே கரண்ட்டால் பெருக்கி, மின்தடையாலும் பெருக்க வேண்டும். லூஸ் கான்டாக்ட்டில் அரை ஓம் மின்தடை இருந்தால், 5 ஆம்பியர் ஓடும்போது 12.5 வாட்ஸ் வெப்பம். 10 ஆம்பியர் ஓடினால் 50 வாட்ஸ். கரண்ட் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு! ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்ஸில் கிடைக்கிறது. பிளக் கருகுவது இதனால்தான்.

கவனிக்க வேண்டியவை

* சாதனத்தின் லேபிளில் உள்ள வாட்ஸைக் கூட்டி, 230-ஆல் வகுத்துப் பாருங்க. பாக்ஸில் போட்டிருக்கும் ஆம்பியரைத் தாண்டக் கூடாது.
* ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போல சூடாக்கும் சாதனங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். மோட்டார் உள்ளவை இதைவிடக் கூடுதலாக இழுக்கலாம். அவற்றுக்கு லேபிளில் உள்ள ஆம்பியரைப் பாருங்க.
* கெட்டில், ஹீட்டர், இண்டக்‌ஷன் ஸ்டவ் ஆகியவற்றைச் சுவரில் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்டில் நேரடியாகப் போடுங்க.
* பிளக் சுட்டாலோ, நிறம் மாறினாலோ, கருகல் வாசனை வந்தாலோ சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.