மக்கள் தொடர்புப் பணி: கொடைக்கானல் தரும் பாடம்

பிளஸ் டூ முடித்த பிள்ளை கலைப் பிரிவில் சேர விரும்பினால், "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?" என்பதுதான் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி. அதற்குரிய பதில்களில் ஒன்று மக்கள் தொடர்புப் பணி. நம் சமுதாயத்தில் அதிகம் பேசப்படாத துறை இது.

அரசோ நிறுவனமோ சொல்ல வேண்டியதை மக்களுக்குப் புரியும்படி சொல்வதும், மக்களின் குறையை அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கொண்டு போவதும்தான் இந்த வேலை. கொடைக்கானலில் நடந்த இரண்டு நிகழ்வுகளைப் பார்த்தால் இது விளங்கும்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. கோடை விடுமுறைக் கூட்டம் மலையேறும் நேரம் அது. உள்ளூர்க்காரர்களுக்கும் வேண்டுமா, அரசுப் பேருந்தில் போகிறவர் எடுக்க வேண்டுமா, கட்டணம் உண்டா என்று ஆயிரம் சந்தேகங்கள். இவற்றுக்குத் தெளிவாகப் பதில் எழுதி, நாளிதழ், வானொலி, சமூக ஊடகம் எல்லாவற்றிலும் சேர்ப்பதுதான் அரசுத் தகவல் தொடர்பு. ஒரு வரி தெளிவில்லாமல் போனாலும், சோதனைச் சாவடியில் குழந்தைகளோடு ஒரு குடும்பம் காத்து நிற்கும்.

இரண்டாவது நிகழ்வு கசப்பானது. இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை கொடைக்கானலில் இயங்கி வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியின் பழைய சாமான் கடையில் கிடந்தது 2001இல் வெளிவந்தது. அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. வேலையால் உடல்நலம் கெட்டது என்றனர் தொழிலாளர்கள். அப்படி இல்லை என்று நிறுவனம் மறுத்து வந்தது. 2015இல் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரஃப் வெளியிட்ட ராப் பாடல் காணொளி இதை உலகறியச் செய்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பெரிய நிறுவனத்தின் பல்லாண்டு மறுப்பு அறிக்கைகளால் அந்த மக்களின் குரலை அடக்க முடியவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல், மறுப்பு மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் அது மக்கள் தொடர்பு ஆகாது.

இப்பணிக்குச் செல்லும் வழிகள்:

மத்திய அரசு: யுபிஎஸ்சி சிவில் சர்வீசஸ் தேர்வு மூலம் இந்தியத் தகவல் பணியில் சேரலாம். பத்திரிகை தகவல் அலுவலகம், வானொலி, தூர்தர்ஷன் செய்திப் பிரிவு போன்றவற்றில் பணி அமையும். எந்தப் பட்டமும் போதும். வயது 21 முதல் 32 வரை. ஓபிசி பிரிவினருக்கு 35 வரை. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மத்திய ஓபிசி பட்டியலில் உள்ளனர். கிரீமிலேயருக்குள் வராதவர்கள் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

மாநில அரசு: செய்தி மக்கள் தொடர்புத் துறையின் அலுவலர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். கொடைக்கானலுக்கு மாவட்டத் தலைமையிடம் திண்டுக்கல். மாநில அரசுப் பணிகளில் முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2007 முதல் உள்ளது.

படிப்பு: 1965இல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் டெல்லியில் விளம்பரம், மக்கள் தொடர்பு படிப்பை நடத்துகிறது. நமக்கு அருகில் கோட்டயத்தில் அதன் வளாகம் உள்ளது. பெண் பிள்ளைகள் பட்டம் பெற, கொடைக்கானலிலேயே 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது.

பயிற்சி: கொடைக்கானல் பண்பலை போன்ற வானொலி நிலையங்களில், குரல் தேர்வு வழியே பகுதி நேர அறிவிப்பாளராகும் வாய்ப்பு அவ்வப்போது வரும். மஹல்லா அறிவிப்பை நான்கு வரியில் பிழையின்றி எழுதிப் பழகுவதும் நல்ல பயிற்சியே.

மதரஸா மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: மேடையில் பேசும் பழக்கமும் அரபு, உருது, தமிழ் அறிவும் உங்களுக்குப் பெரும் பலம். ஆனால் ஆலிம் சனத் மட்டும் போதாது. தொலைநிலைக் கல்வி வழியாகவாவது அங்கீகரிக்கப்பட்ட பட்டம் ஒன்றை முடித்துவிடுங்கள்.

வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா அல்ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஓர் அறிக்கையில் கையெழுத்திடும் முன் "இது உண்மைதானா?" என்று கேட்கும் பிள்ளைகள் இந்தத் துறைக்குத் தேவை. அப்படிப்பட்டவர்களை நம் வீடுகளிலிருந்து அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ்.