துருவுக்கு அடியில் ஒரு தேதி: உலோக இழைப்புளியின் வளர்ச்சியும் அதைப் புதுப்பித்தலும்

மரத்தை வழவழப்பாக்கத் தச்சர் கையில் எடுக்கும் கருவிக்குத் தமிழில் இழைப்புளி என்று பெயர். இழைப்பு, உளி என்று பிரித்துப் பார்த்தாலே கருவியின் அமைப்பு விளங்கிவிடும். அது ஓர் உளிதான். கையில் பிடித்த உளி, மரத்தின் நார் போகிற போக்கில் இழுபட்டு ஆழமாக இறங்கிவிடும். அதே உளியை ஒரு கட்டைக்குள் சாய்த்துச் செருகி, கூர் மட்டும் மயிரிழை அளவு வெளியே தெரியும்படி நிறுத்தினால், அது இறங்கும் ஆழத்தைக் கட்டையின் அடிப்பரப்பு பார்த்துக்கொள்ளும். இரண்டாயிரம் ஆண்டுகளாக இக்கருவியில் நடந்த மாற்றங்களில் பெரும்பாலானவை இரண்டு கேள்விகளைச் சுற்றியே வந்தன. தகட்டை அசையாமல் பிடிப்பது எப்படி? பிடித்த தகட்டை நுட்பமாக நகர்த்துவது எப்படி?

இந்த மாற்றங்களின் வரலாறு ஏடுகளில் பாதிதான் இருக்கிறது. காப்புரிமை ஆவணங்களும் தொழிற்சாலை விலைப்பட்டியல்களும் கிடைக்கின்றன. ஆனால் எந்தத் திருகு எப்போது சேர்ந்தது, எந்தக் குமிழ் எப்போது உயர்ந்தது போன்ற சிறு மாற்றங்களை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. பழைய இழைப்புளிகளை நூற்றுக்கணக்கில் பிரித்து ஒப்பிட்டவர்கள்தான் அவற்றைக் கண்டறிந்தார்கள். ஆகவே துருப்பிடித்த இழைப்புளி ஒன்றைப் புதுப்பிக்க உட்காருபவர் ஓர் ஆவணத்தின் மேல் கை வைக்கிறார். பிரித்தானிய, அமெரிக்க இழைப்புளியின் வளர்ச்சியை அந்தக் கோணத்திலிருந்து இக்கட்டுரை பின்தொடர்கிறது.

மரக்கட்டைக் காலம்

கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயில் உரோமர் கால இழைப்புளிகள் கிடைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் சில்செஸ்டரில் 1890ஆம் ஆண்டு அகழ்வில் ஒன்று கிடைத்தது. இரும்பு அடிப்பரப்பு, குறுக்கே ஓர் இரும்புக் கம்பி, கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே ஆப்பு என்பது அவற்றின் அமைப்பு. பின்வந்த நூற்றாண்டுகளில் ஐரோப்பியத் தச்சர் பெரும்பாலும் முழு மரத்துக்கே மாறினர். 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில், அதன் தச்சர்கள் வைத்திருந்த மர இழைப்புளிகளும் கிடைத்தன.

தச்சர் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொண்ட நிலை 1700ஐ ஒட்டி இலண்டனில் மாறத் தொடங்கியது. இழைப்புளி செய்வதே தனித் தொழிலானது. தாமஸ் கிரான்ஃபோர்டு, ராபர்ட் வூடிங் போன்றோர் கட்டையின் முன்முகத்தில் தங்கள் பெயரை முத்திரையாகக் குத்தினர். டபிள்யூ. எல். குட்மன் இந்த முத்திரைகளையும் தொழிற்குழுக்களின் பயிற்சிப் பதிவேடுகளையும் பொருத்திப் பார்த்துத்தான் பிரித்தானிய இழைப்புளிக்காரர்களின் பரம்பரையை வரிசைப்படுத்தினார். கட்டையின் முன்முகத்தில் இருக்கும் சில எழுத்துகள்தான் அவருடைய முதன்மைச் சான்று.

அந்த எழுத்துகளின் எடையை உணர ஒரு பெயர் போதும். மாசசூசெட்ஸின் ரெந்தம் ஊரில் பிரான்சிஸ் நிக்கல்சன் என்பவர் இழைப்புளி செய்துவந்தார். அமெரிக்காவில் அத்தொழிலில் பெயர் தெரிந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். சீசர் செலோர் என்ற கறுப்பினத்தவர் அவருக்கு அடிமையாக இருந்து அத்தொழிலைக் கற்றார். நிக்கல்சன் 1753இல் இறந்தபோது, அவருடைய உயில் செலோருக்கு விடுதலையும் நிலமும் கருவிகளும் கொடுத்தது. அதன்பின் 1784இல் இறக்கும்வரை செலோர் தம் பெயரிலேயே இழைப்புளிகள் செய்தார். தம் பெயரையும், ரெந்தமில் வாழ்பவர் என்ற சொற்களையும் அவர் கட்டையில் குத்தியிருக்கிறார். அடிமையாக இருந்த ஒரு கைவினைஞர் தம் பெயரையும் ஊரையும் தாமே பதித்த சான்று அது. யாரோ ஒருவர் அழகுபடுத்துவதாக நினைத்து அந்த முன்முகத்தைக் கால் மணி நேரம் உப்புத்தாளால் தேய்த்தால், பெயரில்லாத ஒரு பழைய மரக்கட்டைதான் மிஞ்சும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் மிகப் பெரிய முன்னேற்றம், தகட்டின் மேல் பொருத்திய இரண்டாவது தகடு. எதிர்நாரில் இழைக்கும்போது கூருக்கு முன்னாலேயே மரம் பிளந்து நார் பிய்ந்துகொண்டு வருவது தச்சர்களின் தீராத தலைவலி. மேல்தகட்டின் விளிம்பைக் கூருக்கு மிக அருகில் நிறுத்தினால், எழும் மரச்சுருள் உடனே மடங்கி முறியும். பிளவு முன்னால் ஓட இடமிருக்காது. 1767இல் பிலடெல்பியாவில் சாமுவேல் கரூத்தர்ஸ் இரட்டைத் தகட்டு இழைப்புளிகள் விற்பதாக விளம்பரம் செய்திருக்கிறார். இரு நூற்றாண்டுகள் கழித்து, ஜப்பானின் யமகாத்தா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கவாய், கட்டோ ஆகியோர் இச்செயலை உருப்பெருக்கிப் படம்பிடித்துக் காட்டினர். மேல்தகடு வெறும் தாங்குதகடு என்று நினைத்திருந்த பலரும் அதைப் பார்த்த பிறகே அதைச் சரியாக நிறுத்தப் பழகினார்கள். பழைய தச்சர் கைப்பழக்கத்தில் வைத்திருந்த அறிவு நடுவில் மங்கிப்போனது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மரக்கட்டைக்குத் தீராத ஒரு குறையும் இருந்தது. தேய்ந்து வளைந்த அடிப்பரப்பைத் தச்சர் மீண்டும் சமமாக இழைப்பார். கட்டையினுள் தகடு சாய்ந்து இறங்கும் குழி மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். அடியைச் சீவச் சீவ, கூர் வெளிவரும் வாய் அகன்றுகொண்டே போகும். அதனால்தான் பழைய மர இழைப்புளிகளில் வாய்க்கு முன்னால் ஒட்டுத்துண்டு பதித்திருப்பதைப் பார்க்கிறோம். அந்த ஒட்டு, கருவியின் உழைப்புக் காலத்தைச் சொல்லும் சான்று. புதுப்பிப்பவர் அதைக் குறையென்று எண்ணி மாற்றத் தேவையில்லை.

இரும்புக்கு வந்த வழி

கனெக்டிகட்டின் கோல்செஸ்டரைச் சேர்ந்த ஹசார்ட் நோல்ஸ் 1827இல் வார்ப்பிரும்பு இழைப்புளிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே, 1828இல், பலகை இழைக்கும் இயந்திரத்துக்கு வில்லியம் உட்வொர்த் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. கரடுமுரடான பலகையைத் தட்டையாக்கும் முரட்டு வேலை மெல்ல மெல்ல இயந்திரத்துக்குப் போனது. கைக்கருவிக்கு மிஞ்சியது பொருத்துதல், சரிபார்த்தல், கடைசி மெருகு ஆகியவை. அவ்வேலைகளுக்குத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி நிறுத்துவது போதவில்லை. நுட்பமாக நகர்த்தும் பொறிக்கு விலை கொடுக்கத் தச்சர் முன்வந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். இரும்பு இழைப்புளி இயந்திர யுகத்துக்கு முந்திய பழம்பொருள் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அந்த யுகத்திலேயே பிறந்தது.

பொறியைக் கண்டவர் லெனார்டு பெய்லி. 1858 முதல் அவர் எடுத்த காப்புரிமைகளைப் பார்த்தால் மனிதர் எவ்வளவு தடுமாறி வழி கண்டார் என்பது புரியும். முன்பாதி ஒன்றும் பின்பாதி ஒன்றுமாக உடலையே பிளந்து பார்த்தார். நிமிர்ந்த தூணில் திருகு வைத்துப் பார்த்தார். 1867இல்தான் இன்றுவரை நிலைத்திருக்கும் வடிவம் அமைந்தது. வார்ப்பிரும்பு உடலின் மேல் தவளை என்று அமெரிக்கர் பெயரிட்ட சாய்வுத் தாங்கி. அதன் பின்புறம் ஒரு பித்தளைச் சக்கரம். சக்கரத்தைத் திருப்பினால் ஒரு கவைநெம்பு அசைந்து தகட்டை இறக்கும், ஏற்றும். ஆப்பின் இடத்தில் நெம்புமூடி. இந்த ஏற்பாடு தகட்டை நன்றாகத் தாங்கியதால் மரக்கட்டையில் இருந்ததுபோல் தடித்த தகடு தேவைப்படவில்லை. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தகடே போதும். மெல்லிய தகட்டைச் சாணை பிடிக்க நேரமும் குறைவு.

நியூ பிரிட்டன் நகரின் ஸ்டான்லி நிறுவனம் 1869இல் பெய்லியின் தொழிலை வாங்கியது. அவரும் அங்கே சேர்ந்தார். சில ஆண்டுகளில் பிணக்கு வந்து வெளியேறி, விக்டர் என்ற பெயரில் போட்டி இழைப்புளிகளைச் செய்தார். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை 17 ஆண்டுகள். 1867இன் கண்டுபிடிப்பு 1884இல் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. 1902 முதல் ஸ்டான்லி தன் இழைப்புளிகளின் முன்நுனியில் பெய்லி என்ற பெயரை வார்த்தெடுக்கத் தொடங்கியது. மூன்றாண்டில், 1905இல், பெய்லி இறந்தார். பிரிந்து போனவரின் பெயர் வணிகக்குறியாகி உலகமெங்கும் போயிற்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1930களில் பரவலான ரெக்கார்டு இழைப்புளிகளும் இதே வடிவம்தான்.

ஓர் இழைப்புளியைப் பிரித்தால்

1910களின் ஸ்டான்லி ஐந்தாம் எண் இழைப்புளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 14 அங்குல நீளம், 2 அங்குலத் தகடு. மேலே துரு, இடுக்குகளில் பிசினும் மரத்தூளும் கலந்த இறுகிய அழுக்கு. நெம்புமூடியைக் கழற்றித் தகடுகளை எடுத்ததும் தவளை தெரியும். அதன் முகத்தில் மேல்நோக்கி ஒரு பக்கவாட்டு நெம்புகோல் இருந்தால், கருவி 1885க்குப் பிந்தியது. பித்தளைச் சக்கரத்துக்குக் கீழே தவளையை முன்பின் நகர்த்தும் சிறு திருகு இருந்தால், 1907க்குப் பிந்தியது. முன்குமிழ் குட்டையாக இருந்தால் 1919க்கு முந்தியதாக இருக்கலாம். தவளைக்குப் பின்னால் உடலில் வார்த்திருக்கும் எழுத்துகளைப் பல் தூரிகையால் துலக்கினால் மூன்று தேதிகள் தெரியும்: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. கருவி 1910க்கும் 1918க்கும் இடையில் வார்க்கப்பட்டது என்ற முடிவுக்கு இப்போது வரலாம்.

இவ்வாறு காலம் கணிக்கும் முறையை ரோஜர் கே. ஸ்மித் 1981இல் வெளியிட்ட நூல் நிலைநாட்டியது. அமெரிக்கக் காப்புரிமை பெற்ற உலோக இழைப்புளிகள் பற்றிய அந்நூல், நோல்ஸின் 1827ஐத் தொடக்க ஆண்டாகத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. வகைகளைப் பிரித்தவர்கள் பிற்கால ஆய்வாளர்களே. தொழிற்சாலை அப்படிப் பிரித்துச் செய்யவில்லை. தொட்டியில் மிஞ்சிய பழைய உறுப்புகளும் புதிய உடல்களில் ஏறின. உடைந்த உறுப்புக்குப் பதிலாக வேறொன்றைத் தச்சரே பூட்டியிருப்பார். ஆக, ஒரே உறுப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

போரும் இதில் தடம் பதித்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் கால இழைப்புளிகளில் பித்தளைச் சக்கரத்தின் இடத்தில் எஃகோ கடின இரப்பரோ இருக்கும். ஈட்டிமரக் கைப்பிடிக்குப் பதில் சாயமேற்றிய வேறு மரம். பார்வைக்கு மட்டமாகத் தோன்றும் இந்த உறுப்புகளைக் கழற்றி வீசிவிட்டுப் பளபளக்கும் பித்தளை போடுபவர்கள் இருக்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது. பித்தளையெல்லாம் போர்த்தளவாடங்களுக்குப் போன ஆண்டுகளின் சாட்சி அந்தக் கறுத்த சக்கரம்.

புதுப்பித்தல்

பழைய கருவிகளைச் சேர்த்து ஆராயும் வழக்கம் அமெரிக்காவில் ஹென்றி மெர்சரால் வலுப்பெற்றது. தச்சர் கருவிகள் பற்றிய அவரது நூல் 1929இல் வந்தது. 1933இல் தொடக்ககாலத் தொழில்கள் சங்கமும், 1983இல் பிரித்தானியாவில் கருவிகள், தொழில்கள் வரலாற்றுச் சங்கமும் தோன்றின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மின்கருவிகள் பரவ, கைக்கருவிகள் தரம் தாழ்ந்தன. நல்ல இழைப்புளி வேண்டுமென்றால் பழையதைத் தேடிச் சுத்தம் செய்வதே வழி என்றானது. 1981இல் மெய்ன் மாநிலத்தில் லீ-நீல்சன் பட்டறை புதிதாகத் தரமான இழைப்புளிகள் செய்யத் தொடங்கியபோதும் பழைய ஸ்டான்லி வடிவங்களிலிருந்தே தொடங்கியது.

துரு நீக்கும் முறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சான்றைத் தின்கின்றன. சுழலும் கம்பித் தூரிகை, எழுத்துகளின் விளிம்பை மழுக்கும். வினிகரில் ஊறவைத்தால் துருவோடு இரும்பும் கொஞ்சம் அரிபட்டுச் சாம்பல் நிறமாகும். சலவைச் சோடாக் கரைசலில் மின்னோட்டம் செலுத்தும் முறை இரும்பை அரிக்காது. இழைப்புளி எதிர்முனையில், ஒரு வெற்று இரும்புத் தகடு நேர்முனையில். ஆனால் காரக் கரைசல், உடலின் உட்புறக் கருந்தார்ப் பூச்சைக் கிளப்பிவிடும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகை வைக்கவே கூடாது, குரோமியத்தின் நச்சுச் சேர்மம் நீரில் கலக்கும்.

வேலை செய்ய வேண்டிய கருவி வேலை செய்யத்தான் வேண்டும். அதற்குத் தேவையானவை கொஞ்சமே. தகட்டின் பின்முகம் தட்டையாக வேண்டும். மேல்தகட்டின் விளிம்பு இடைவெளியின்றி அதன்மேல் உட்கார வேண்டும். அடிப்பரப்பில் முன்நுனி, வாயின் முன்விளிம்பு, பின்நுனி மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். கண்ணாடிப் பலகை மேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கும்போது தகட்டை உள்ளே இழுத்து, நெம்புமூடியைப் பூட்டியே வைத்திருக்க வேண்டும். அந்த இறுக்கத்தில் உடல் சற்றே வளையும், வேலையின்போதும் அது அப்படித்தான் இருக்கும். பக்கங்களைப் பளபளப்பாக்கத் தேய்ப்பதால் கருவிக்கு எந்தப் பயனும் இல்லை.

திருகுகளைத் தொலைத்துவிடக் கூடாது. ஸ்டான்லியின் கைப்பிடித் திருகு 12ஆம் எண் பருமனில் அங்குலத்துக்கு 20 மரை. பொதுத் தரத்தில் அந்தப் பருமனுக்கு 24 அல்லது 28 மரைதான், எனவே எந்த இரும்புக் கடையிலும் மாற்றுக் கிடைக்காது. கைப்பிடியும் அப்படியே. பிரேசில் ஈட்டிமரத்தின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. விரிந்த கைப்பிடியைப் பசை வைத்து ஒட்டிக்கொள்வதே நல்லது.

அந்த ஐந்தாம் எண் இழைப்புளிக்குத் திரும்புவோம். தவளையின் திருகுகளைத் தளர்த்தி அதைத் தூக்கினால், கீழே காற்றும் ஈரமும் அதிகம் படாத இடத்தில் நூறாண்டுக்கு முந்திய கருந்தார்ப் பூச்சு இன்னும் மின்னிக்கொண்டிருக்கும். மரக்குச்சியால் அழுக்கைச் சுரண்டி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மெல்ல மெழுகு பூசித் தவளையைத் திரும்பப் பூட்டலாம். தேதிகளின் மேல் பூச்சுத் தேய்ந்து இரும்பு தெரிகிற இடங்களில் புதுச்சாயம் தீட்ட வேண்டாம்.