ஏடெழுதுவோர் மரபும் அதன் மறைவும்

ஆசிரியர்கள் நாள்தோறும் காலையில் கையில் எடுக்கும் ஒரு பொருளிலிருந்து இவ்வுரையைத் தொடங்குவது பொருந்தும். அது வருகைப் பதிவேடு. அலுவலகத்தில் குறிப்பேடு, வணிகரிடம் பேரேடு, வீட்டு வாயிலில் நாளேடு என அச்சொல் நம் வாழ்வெங்கும் பரவிக் கிடக்கிறது. ஆயினும் இவற்றுள் ஒன்றுகூட ஏடு அன்று. எழுதுவதற்கெனப் பதப்படுத்திய பனையோலையின் ஓர் இதழுக்கே ஏடு என்று பெயர். எழுதுபொருள் மறைந்த பின்னும் சொல் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த ஏட்டைச் செய்து, எழுதி, காத்து, பழுதுற்றபோது புதிய ஏட்டில் படியெடுத்துத் தந்த மக்கள் கூட்டம் இன்று இல்லை. அவர்கள் எவ்வாறு மறைந்தனர், அவர்களோடு எவையெல்லாம் மறைந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கைவினையும் கல்வியும்

ஏடெழுதுவோர் ஒரு தனிச் சாதியார் அல்லர். ஊர்க்கணக்கர், மடத்து மாணவர், கோயிற் பணியாளர், திண்ணைப் பள்ளி ஆசிரியர், மருத்துவர், சோதிடர் எனப் பல திறத்தார் இத்தொழிலை மேற்கொண்டனர். சோழர் காலம் முதலான கல்வெட்டுகளில் ‘திருக்கைக்கோட்டி’, ‘சரஸ்வதி பண்டாரம்’ என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. கோயில்களில் சுவடிகளை வைத்துக் காக்கவும் ஓதவும் படியெடுக்கவும் அமைந்த இடங்கள் அவை.

அவர்தம் தொழில் மரத்தடியில் தொடங்கியது. மிக இளையதும் மிக முற்றியதும் ஆகாத ஓலையைத் தேர்ந்து, நடு ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, கல்லாலோ சங்காலோ தேய்த்து வழவழப்பாக்கினர். இவ்வாறு பாடம் செய்த ஏடுகளில் துளையிட்டு, ஒரு துளையில் நாராசம் என்னும் கம்பியைச் செருகி, மற்றொன்றில் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் அது சுவடி. எழுதும் கருவியிலும் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்னும் வகைகள் இருந்தன. எழுதுவோர் இடக்கைப் பெருவிரலால் எழுத்தாணியின் முனையைத் தாங்கி, ஏட்டை நகர்த்திக்கொண்டே எழுதினர். எழுதி முடித்தபின் மஞ்சள், வசம்புக் கரி, இலைச்சாறு முதலியவற்றைத் தடவினர். மை கீறலில் தங்கி எழுத்தை விளக்கிக் காட்டும். இதனை மையாடல் என்றனர்.

இது கைத்திறன். ஆயின் கைத்திறன் மட்டும் போதாது. ஏட்டில் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. அவ்வேறுபாட்டை எழுத்தில் நிலைநிறுத்திய பெருமை வீரமாமுனிவருக்கு (1680–1747) உரியது எனப் பொதுவாகக் கூறப்படும். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது, நிறுத்தக்குறியும் இராது. ஆகவே இன்று நாம் ‘கொ’ என ஐயமின்றிப் படிக்கும் எழுத்துவடிவம், ஏட்டில் கொ, கோ, கெர, கெர், கேர, கேர் என்னும் ஆறனுள் எதுவாகவும் இருக்கலாம். இவற்றுள் எது என்பதை ஏடு சொல்லாது; படிப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

முனைவர்ப் பட்ட ஆய்வின் தொடக்கத்தில் யான் ஏடு படிக்கப் பழகியபோது, வெண்பா ஒன்றின் இரண்டாம் அடியைக் ‘கொடி’ என்று படித்தேன். அருகிருந்த முதியவர் ஏட்டைப் பார்க்கவேயில்லை. “முதலடி என்ன?” என்றார். ‘நாடி’ என்று தொடங்குகிறது என்றேன். “அப்படியாயின் இது கோடி” என்றார். எதுகையில் முதலெழுத்தின் அளவு ஒத்திருத்தல் வேண்டும் என்னும் விதியை யான் தேர்வுக்காகப் படித்திருந்தேன். அவர் அதனைக் கொண்டு எழுத்தைப் படித்தார். யாப்பும் இலக்கணமும் ஏடெழுதுவோர்க்கு அணிகலன்கள் அல்ல, அன்றாடக் கருவிகள் என்பதை அன்று உணர்ந்தேன்.

படியெடுத்தலே காப்பு

நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் கரையானுக்கும் செல்லுக்கும் தப்பி ஓர் ஓலைச்சுவடி இருநூறு, முந்நூறு ஆண்டுகள் நிலைத்தாலே பெரிது. இன்று நம்மிடம் உள்ள தமிழ்ச் சுவடிகளுள் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவையே. அவ்வாறாயின், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட சங்கப் பாடல் நம் கைக்கு எட்டியது எங்ஙனம்? இருநூறு ஆண்டுகட்கு ஒருமுறை எனக் கொண்டாலும், பத்துத் தலைமுறை ஏடெழுதுவோர் அதனைப் புதிய ஓலைக்கு மாற்றியிருக்க வேண்டும். அவருள் ஒருவர் கைவிட்டிருந்தாலும் தொடர் அறுந்திருக்கும். பழஞ்சுவடியின் ஆயுள் ஓலையின் ஆயுளன்று; அதனை மீண்டும் எழுத விரும்பிய மனிதரின் ஆயுள்.

அவர்கள் பிழை செய்யாதவர்கள் அல்லர். “எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்” என்னும் பழமொழி அதற்குச் சான்று. பலரும் ஒருவர் படிக்க மற்றவர் எழுதும் முறையைக் கையாண்டமையால் லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும், னகர ணகரங்களும் மயங்கின. பதிப்பாசிரியர்க்கு இவை களைய வேண்டிய பிழைகள். மொழியியலார்க்கோ இவை அரிய சான்றுகள். ழகரம் வரவேண்டிய இடத்தில் ளகரம் மீண்டும் மீண்டும் வருமாயின், எழுதியவரின் ஊர்ப்பேச்சு நம் செவியில் விழுகிறது என்று பொருள்.

தேய்வின் காரணங்கள்

அச்சு வந்தது, ஏடு மறைந்தது என்று சுருங்கச் சொல்வது வழக்கம். காலக்கணக்கு அதற்கு முழுமையாக இடம் தருவதில்லை. தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுப்பணியைத் தொடங்கினார். திருக்குறள் மூலம் 1812ஆம் ஆண்டு அச்சேறியது. இவ்வளவு காலமும் ஏடெழுதுவோர் தம் தொழிலைச் செய்துகொண்டுதான் இருந்தனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தாம் பாடும் செய்யுட்களைச் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதினர். அவர் மாணவராகிய உ.வே. சாமிநாதையர் (1855–1942) ஏட்டில் பயின்று, அச்சில் பதிப்பித்தவர். ஆக, மூன்று நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்த இரண்டு முறைகளுள் ஒன்று, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்தில் வீழ்ந்தது.

அவ்வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் ஒருங்கே கூடின. 1835ஆம் ஆண்டு அச்சகங்களின் மீதிருந்த கட்டுப்பாடுகள் நீங்கியதும் தமிழர் தாமே அச்சகங்களை நிறுவினர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டு தொடங்கிய அச்சுக்கூடம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஊர்க்கணக்குகள் படிப்படியாகக் காகிதத்திற்கு மாறின. ஓலை வாங்குவோரும் எழுத்தாணி செய்வோரும் அதனால் குறைந்தனர். திண்ணைப் பள்ளிகள் அரசு, சமயத்தொண்டர் பள்ளிகளுக்கு வழிவிட்டன. ஏடு எழுதிப் பழகிய சிறுவர் இல்லாது போயினர். பாளையக்காரர், சமீன்தார் ஆதரவும் சுருங்கியது. இவற்றுள் ஒன்று மட்டும் நேர்ந்திருந்தால் மரபு தாங்கியிருக்கும். கணக்கு, பள்ளி, புரவலர், நூல் என நான்கு தூண்களும் அடுத்தடுத்துச் சாய்ந்தபோது கூரை நிற்கவில்லை.

இங்கு ஒன்றை மறவாது குறித்தல் வேண்டும். ஏடெழுதுவோர் எல்லா நூலையும் ஒப்பக் காத்தவர் அல்லர். ஓதப்பட்ட நூலும் பாடம் சொல்லப்பட்ட நூலும் படியெடுக்கப்பட்டன. ஏனையவை பரணில் கிடந்தன. சங்க நூல்களும் சமண பௌத்தக் காப்பியங்களும் பல தலைமுறைகளாகப் பெரும்பாலோர் கண்ணுக்கு எட்டாமற் போனது அச்சு வருமுன்பே நிகழ்ந்தது. மரபைப் போற்றுவோர் அதன் குறையையும் அறிந்து போற்றுதலே முறை.

இடைவெளியில் இழந்தவை

படியெடுப்பது நின்ற காலத்திற்கும், அச்சில் ஏறிய காலத்திற்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்தது. அவ்விடைவெளியில் அகப்பட்ட நூல்களின் கதி இரங்கத்தக்கது. சி.வை. தாமோதரம் பிள்ளை (1832–1901), தொட்டால் உதிரும் ஏடுகளோடு போராடியதைத் தம் பதிப்புரையில் வருந்திப் பதிவுசெய்துள்ளார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலிருந்த பழஞ்சுவடிகள் சிதைந்தவை எனக் கருதப்பட்டு நெய்யோடு தீயிலிடப்பட்ட செய்தியைச் சாமிநாதையர் எழுதியுள்ளார். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட சுவடிகளும் உண்டு. இச்செயல்களைச் செய்தோர் பகைவர் அல்லர். சுவடியைத் தெய்வமாக மதித்தவர்களே. சிதைந்த ஏட்டைப் படியெடுத்தபின் ஆற்றிலோ தீயிலோ சேர்ப்பது பழைய வழக்கம். படியெடுப்பார் மறைந்தனர், சேர்க்கும் சடங்கு மட்டும் எஞ்சியது. ஒரு மரபின் பாதி அழிந்தால், எஞ்சிய பாதி எத்துணைக் கொடியதாக மாறக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

வளையாபதியின் வரலாறு இன்னும் கூர்மையானது. திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிடையே அந்நூலின் ஏட்டைத் தம் இளமையில் கண்டதாகச் சாமிநாதையர் நினைவுகூர்கிறார். பழந்தமிழ் நூல்களில் நாட்டம் ஏற்பட்டபின் தேடியபோது அது கிட்டவில்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று, பிற நூல்களில் மேற்கோளாகத் தங்கிய சில செய்யுட்களாகச் சுருங்கிவிட்டது. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்களும், பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. 1887ஆம் ஆண்டு சீவகசிந்தாமணியும், 1892ஆம் ஆண்டு சிலப்பதிகாரமும், 1894ஆம் ஆண்டு புறநானூறும் சாமிநாதையர் பதிப்பாக வந்தன. இன்னும் ஒரு தலைமுறை தாழ்ந்திருந்தால் இவற்றின் நிலை என்னாகியிருக்கும் என எண்ணிப் பார்த்தல் தகும்.

அதே 1887ஆம் ஆண்டில்தான் இந்நகரில் ‘சிங்கை நேசன்’ வார இதழ் தொடங்கியது. இந்நாட்டுத் தமிழிலக்கியம் அச்சோடு பிறந்து வளர்ந்தது. அதனால் அச்சுக்கு முன்னும் ஒரு காப்புமுறை இருந்தது என்பதை நம் மாணவர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

பாலித் தீவு காட்டும் பாடம்

ஏட்டு மரபு மறைந்தே தீரவேண்டியது தானா? நமக்கு அணித்தேயுள்ள பாலித் தீவு வேறு விடை தருகிறது. அங்கு ஓலைச்சுவடிக்கு ‘லொந்தார்’ என்று பெயர். சாவக மொழியில் ‘ரொன்’ என்றால் இலை. ‘தால்’ என்பது வடமொழித் ‘தாலம்’, அதாவது பனை. ‘ரொன்தால்’ என்பது எழுத்து நிலைமாறி ‘லொந்தார்’ ஆயிற்று. சிங்கராஜா நகரில் 1928ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கெடோங் கீர்த்தியா நூலகம் அவற்றைத் தொகுத்துக் காத்துவருகிறது. அங்கு இன்றும் ஓலை பதப்படுத்தி எழுதுவோர் உளர். அச்சும் கணினியும் அங்கும் சென்றன. எனினும் சடங்கில் ஓதவும், குழுவாக அமர்ந்து ஒருவர் படிக்க ஒருவர் பொருள் சொல்லவும் சுவடி வேண்டப்படுகிறது. தேவை உள்ளவரை கைவினை வாழும். நூலகம் அதற்குத் துணையாகுமேயன்றி ஈடாகாது.

நம்முன் உள்ள பணி

சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம், தஞ்சை சரஸ்வதி மகால், 1943ஆம் ஆண்டு தோன்றிய டாக்டர் உ.வே.சா. நூல்நிலையம் முதலியன பல்லாயிரம் சுவடிகளைக் காத்துவருகின்றன. ஆசியவியல் நிறுவனத்துத் தமிழ் மருத்துவச் சுவடிகள் 1997ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அங்கும் ‘ஏடு’ என்னும் சொல் நம்மை விடவில்லை. சுவடிகள் இன்று படமாகவும் பதியப்படுகின்றன. இது போற்றத்தக்க பணி. ஆனால் படமெடுத்தல் படியெடுத்தல் அன்று. படியெடுப்பவர் ஒவ்வொரு சொல்லையும் படித்தாக வேண்டும். படம் எடுக்கும் கருவிக்கு அந்தக் கடமை இல்லை. எழுதுவோர் மறைந்தது முதல் தேய்வு. படிப்போரும் மறைவது இரண்டாம் தேய்வு. அது நம் காலத்தில் நம் கண்முன் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் அற்ற நாளில், மிகத் தெளிவான படமும் பரணில் கிடந்த சுவடியின் நிலையையே அடையும்.

ஆசிரியர்கள் செய்யக்கூடிய எளிய செயல் ஒன்றுண்டு. நன்கு தெரிந்த குறள் ஒன்றைப் புள்ளியின்றி, இடைவெளியின்றி, குறில் நெடில் வேறுபாடின்றிக் கரும்பலகையில் எழுதி, மாணவரைப் படிக்கச் சொல்லலாம். பின்னர் அவர்கள் அறியாத குறள் ஒன்றை எழுதலாம். முன்னதை விரைந்து படித்தவர் பின்னதில் தடுமாறுவர். அத்தடுமாற்றத்தில் எதுகையும் சீரும் தளையும் அவர்க்குக் கைகொடுக்கும். தேர்வுக்காகப் பயின்ற யாப்பு எதற்காகத் தோன்றியது என்பதை அவர்கள் அன்று அறிவர். ஏடெழுதியவர்களுள் பலர் தம் பெயரைக்கூடச் சுவடியின் இறுதியில் எழுதிவைக்கவில்லை. பெயர் எழுதியவர்களும் பிழை பொறுக்குமாறு வேண்டியே முடித்தனர். அவர்களுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி, அவர்கள் எழுதியதைப் படிக்கத் தெரிந்த ஒருவரையேனும் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்வதே ஆகும்.