பாய் இருந்தால் போதும்: ‘அப் வித் பீப்பிள்’ தங்கிய வீடுகளின் கதை

இந்த எபிசோடை ஒரு வாட்ஸப் மெசேஜில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் எங்கள் அபார்ட்மெண்ட் குரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார். மணிப்பூரில் இருந்து ஒரு நாடகக் குழு சென்னைக்கு வருது, பன்னிரண்டு பேர், எல்லாரும் இருபது இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைங்க. மூணு ராத்திரிக்கு வீட்டுக்கு ரெண்டு பேரைச் சேர்த்துக்க முடியுமா? பாய் இருந்தால் போதும். ஒரு மணி நேரம் குரூப்பில் சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தர், “ஐடி ப்ரூஃப் வாங்கிக்கோங்க” என்றார். இன்னொருத்தர், “வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?” மூணாவதா ஒரு தம்ஸ் அப் வந்தது, அது யாருக்குப் போட்டதுன்னு தெரியலை. அதுக்குள்ள யாரோ தண்ணி லாரி வர்ற நேரத்தைப் போட்டாங்க. மெசேஜ் மேலே போயிடுச்சு.

நானும் அதைப் படித்தேன். என் வீட்டில் இரண்டாவது ரூம் இருக்கு. அதில் ஒரு மானிட்டரும் துணி காயப்போடுற ஸ்டாண்டும் குடியிருக்கு. பதில் போடலை.

அந்த உறுத்தலில்தான் தேட ஆரம்பிச்சேன். ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாதவங்க வீட்டில் தங்கிக்கொண்டே வருஷக்கணக்கில் மேடை நிகழ்ச்சி நடத்தின குழு ஏதாவது இருக்கா? இருக்கு. பெயர் ‘அப் வித் பீப்பிள்’. அமெரிக்காவில் 1965-ல் தொடங்கியது. பல நாடுகளைச் சேர்ந்த இளைஞர்கள், ஒரு குழுவில் நூறு பேருக்கு மேல, பாட்டும் நடனமுமாக ஒரு ஷோ, ஒரு வருஷம் முழுக்கப் பயணம். ராத்திரி தூக்கம் எல்லாம் உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில். இதுவரை 20,000 பேருக்கு மேல் இப்படிப் போய் வந்திருக்காங்க.

இதன் வேரைப் பிடிக்கணும்னா இன்னும் பின்னாடி போகணும். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஃபிராங்க் புக்மன் என்ற லூத்தரன் பாதிரியார். 1920-களிலும் 30-களிலும் இவர் நடத்திய ‘ஆக்ஸ்ஃபோர்ட் குரூப்’ கூட்டங்களுக்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? ‘ஹவுஸ் பார்ட்டி’. சர்ச்சுக்குள் பிரசங்கம் பண்ணுவதை விட, வீட்டுக் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து பேசும்போதுதான் மனுஷன் மனசு திறக்கும் என்பது அவர் கணக்கு. 1938-ல் அந்த இயக்கத்துக்கு ‘மாரல் ரீ-ஆர்மமெண்ட்’ என்று புதுப் பெயர் வந்தது. சுருக்கமா எம்.ஆர்.ஏ. முழு நேர்மை, முழுத் தூய்மை, முழுச் சுயநலமின்மை, முழு அன்பு. இந்த நாலும்தான் அளவுகோல். ‘கொஞ்சம்’ என்ற வார்த்தைக்கே இடமில்லாத கட்சி. கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். அதே சமயம் நாடகத்தை ஆயுதமாக எடுத்ததில் கம்யூனிஸ்டுகளுக்குக் குறைந்தவர்கள் இல்லை. மேடை நாடகங்களை நாடு நாடாகக் கொண்டுபோனார்கள்.

புக்மன் 1961-ல் இறந்தார். அடுத்துத் தலைமை ஏற்ற பீட்டர் ஹோவர்ட் 1965 பிப்ரவரியில் இறந்தார். அந்த வருஷத்து அமெரிக்காவை நினைச்சுப் பாருங்க. வியட்நாம் போர் பெருசாகுது. கல்லூரிகளில் போராட்டம். ஆகஸ்ட் மாசம் கறுப்பர்களின் ஓட்டுரிமையைக் காக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்துப் போடுகிறார், சில நாட்களிலேயே லாஸ் ஏஞ்சலஸில் வாட்ஸ் பகுதி பற்றி எரிகிறது. அதே கோடையில், மிச்சிகன் மாகாணத்தில், மோட்டார் வண்டிகளுக்கே அனுமதி இல்லாத மாக்கினா என்ற குட்டித் தீவில் எம்.ஆர்.ஏ. இளைஞர் மாநாடு. அங்கே பிறந்ததுதான் ‘சிங் அவுட் 65’ என்ற ஷோ. பொறுப்பில் இருந்தவர் பிளாண்டன் பெல்க். பாட்டுக்கு கோல்வெல் சகோதரர்கள் மூணு பேர்: ஸ்டீவ், பால், ரால்ஃப். கலிஃபோர்னியாவில் கண்ட்ரி மியூசிக் பாடிக்கொண்டிருந்த பசங்க. 1950-களில் எம்.ஆர்.ஏ.வோடு உலகம் சுற்றக் கிளம்பி, போற ஊர் பாஷையிலேயே பாடக் கத்துக்கிட்டவங்க. விடுதலை அடைந்த சமயத்தில் காங்கோவில் இருந்து ரேடியோவில்கூடப் பாடியிருக்காங்க. ‘அப் வித் பீப்பிள்’ அந்த ஷோவில் வந்த ஒரு பாட்டின் பெயர். ஊரெல்லாம் ‘ஒழிக’ கோஷம் போடும்போது இவங்க மக்களை வைத்து ‘வாழ்க’ போட்டாங்க, அவ்வளவுதான் ஐடியா. கடவுளின் தோல் என்ன நிறம் என்று கேட்கும் ஒரு பாட்டும் இருந்தது. வெள்ளை, கறுப்புப் பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று அதைப் பாடினார்கள். 1965 அமெரிக்காவில் அது சின்ன விஷயம் இல்லை.

1968-ல் எம்.ஆர்.ஏ.வை விட்டுப் பிரிந்து தனி லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்துகொண்டார்கள், அரிசோனாவில் டூசான் நகரத்தில். மதம் பற்றிய பேச்சு குறைந்தது. வீட்டில் தங்குவது மட்டும் போகலை.

இங்கே என் எஞ்சினியர் மூளை கொஞ்சம் வேலை செய்தது. ஒரு குழுவில் 120 பேர்னு வெச்சுக்குவோம். வீட்டுக்கு ரெண்டு பேர். ஒரு ஊருக்கு 60 வீடு வேணும். பழைய உறுப்பினர்கள் பலர் வருஷத்துக்கு எழுபது எண்பது குடும்பங்களோடு தங்கினதாகச் சொல்றாங்க. எழுபதுன்னே எடுத்தாலும் ஒரு குழு ஒரு வருஷத்தில் 4,200 வீட்டுக் கதவைத் தட்டியாகணும். 1990-களில் ஒரே சமயத்தில் ஐந்து குழுக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாம் இன்டர்நெட் பரவலாவதற்கு முன்னாடி. லேண்ட்லைனும் ஒரு கிளிப்போர்டும்!

எப்படி நடந்ததுன்னா, முன்னோடிகளாக ஓரிரு பேர் சில வாரங்களுக்கு முன்பே ஊருக்குள் இறங்கிடுவாங்க. ஸ்பான்சர் பிடிக்கிறது, அரங்கம் பேசுறது, பேப்பரில் செய்தி வரவைக்கிறது, அதோட வீடு தேடுறது. சர்ச், ஸ்கூல், ரோட்டரி மாதிரி கிளப், உள்ளூர் பேக்கரி, எங்கெங்கே நாலு பேர் கூடுவாங்களோ அங்கே போய் நின்னு கேட்பாங்க. இதில் எத்தனை கண்டிஷன் வரும்னு யோசிச்சுப் பாருங்க. இந்தப் பொண்ணுக்குப் பூனை ஆகாது, அந்தப் பையன் மாமிசம் சாப்பிட மாட்டான், இந்த வீட்டில் எல்லாருக்கும் சிகரெட் பழக்கம், அந்த வீடு ஊரை விட்டு ரொம்பத் தள்ளி. இதை சாஃப்ட்வேரா எழுதச் சொன்னா ரெண்டு ஸ்பிரிண்ட் கேட்பேன்.

அப்புறம் பஸ் வந்து நிற்கும். பார்க்கிங்கில் குடும்பங்கள் கார்களோடு காத்திருக்கும். பெயரைக் கூப்பிடுவாங்க. ஜப்பான் பொண்ணும் பெல்ஜியம் பொண்ணும் யாரோ ஒரு ரிட்டயர்ட் டீச்சரம்மா கூட பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போவாங்க. மறுநாள் காலையில் அந்தம்மாவே காரில் கொண்டுவந்து அரங்கத்தில் விடணும். சாயங்காலம் ஷோவுக்கு அந்தக் குடும்பமே பெரியப்பா, சித்தி எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரும். “எங்க பொண்ணு மூணாவது வரிசையில் ஆடுது பாரு.”

நான் இந்த இடத்தில்தான் நின்னுட்டேன். சேர்வதற்கு ஆடிஷன் கிடையாது, இன்டர்வியூ மட்டும்தான். அதாவது பாடத் தெரியுமாங்கிறது பெரிய கேள்வியே இல்லை. முன்பின் தெரியாத வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து பேசத் தெரியுமாங்கிறதுதான் கேள்வி. நூறு பேர் ஒரு பஸ்ஸில் ஏறி ஊருக்குள் வர ஒரு காரணம் வேணும் இல்லையா, அதுக்குத்தான் ஷோ. பட்ஜெட்டும் அதிலேயே அடங்கியிருக்கு. 60 ஹோட்டல் ரூம் செலவு மிச்சம், 60 வீட்டுக்காரங்க டிக்கெட் கியாரண்டி. இதை நான் குறையாகச் சொல்லலை. கணக்கும் பாசமும் ஒரே அடுப்பில் வேகுறது நம்ம கல்யாண வீட்டிலும் பார்க்கிறதுதானே.

வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு ஷோதான் தெரிந்தது. சூப்பர் பவுல் இடைவேளை நிகழ்ச்சியை நாலு தடவை செய்தார்கள்: 1976, 1980, 1982, 1986. எண்பதுகள் முடிந்தபோது அந்தப் பளிச் பளிச் சிரிப்பு கிண்டலாகிவிட்டது. ‘தி சிம்ப்சன்ஸ்’ 1990-ல் ‘ஹூரே ஃபார் எவ்ரிதிங்’ என்று ஒரு போலிக் குழுவையே உண்டாக்கிக் கலாய்த்தது. 1993-ல் அதே இடைவேளை மேடையில் மைக்கேல் ஜாக்சன் வந்து நின்றார். அதுக்கப்புறம் நூறு பேர் ஒரே மாதிரி சிரிச்சுக்கிட்டு ஆடுறதை யார் பார்ப்பாங்க?

அந்தச் சிரிப்புக்கு உள்ளே இருந்தவங்களே இன்னொரு பக்கத்தையும் சொல்லியிருக்காங்க. நடிகை கிளென் குளோஸ் ஏழு வயசில் இருந்து எம்.ஆர்.ஏ.வுக்குள் வளர்ந்தவர். ‘அப் வித் பீப்பிளி’ன் ஆரம்ப வருஷங்களில் பாடிக்கொண்டு பயணம் செய்தவர். 22 வயசில் வெளியே வந்து காலேஜில் சேர்ந்தார். எம்.ஆர்.ஏ. அடிப்படையில் ஒரு வழிபாட்டுக் கும்பல் மாதிரிதான் இருந்தது, எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசணும், எதற்கெடுத்தாலும் ரூல்ஸ் என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். 2009-ல் ‘ஸ்மைல் டில் இட் ஹர்ட்ஸ்’ என்று ஒரு ஆவணப்படமே வந்தது. வலிக்கும் வரை சிரி. காதலுக்குக் கட்டுப்பாடு, தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் தங்களை மறைத்துக்கொள்ள வேண்டிய நிலை, பின்னணியில் பெரிய கம்பெனிகளின் பணம் என்று பலதையும் பழைய உறுப்பினர்களே பேசினார்கள்.

நான் யோசிச்சது இதைத்தான். சாதாரண நாடகக் கலைஞனுக்கு ஷோ முடிந்தால் மேக்கப்பைக் கலைக்க ஒரு ரூம் உண்டு. இவங்களுக்கு அது இல்லை. ஷோ முடிஞ்சதும் யாரோ ஒருத்தர் காரில் ஏறி, அவங்க செஞ்ச சாப்பாட்டைப் பாராட்டி, ஆல்பம் பார்த்து, நாயோடு விளையாடி, “உங்க ஊரில் பனி பெய்யுமா?” என்ற கேள்விக்கு எழுபதாவது தடவையாக முதல் தடவை மாதிரியே பதில் சொல்லணும். விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு விருந்து போடுறவங்க பக்கத்தில் இருந்து சொல்லி வெச்சிருக்கோம். விருந்தாளி பக்கத்தில் இருந்து யாரும் சொல்லலை. வருஷம் பூராவும் விருந்தாளியா இருக்கிறவன் எப்போ முகத்தைத் தொங்கப்போடுவான்?

ஆனா அதே வீடுதான் யாரும் எழுதிக்கொடுக்காத இடமும். மேடைப் பாட்டில் எல்லாரும் ஒண்ணுன்னு வரும். கிச்சனில் அப்படி வராது. அங்கே மகனோட பேசாத அப்பா இருப்பார், வேலை போன அம்மா இருப்பாங்க, போர் பற்றி எதிர்க்கருத்து உள்ள தாத்தா இருப்பார். பத்தொன்பது வயசுப் பிள்ளை அந்த மேஜையில் உட்கார்ந்து அமெரிக்காவையோ மெக்ஸிகோவையோ தெரிஞ்சுக்கிட்டது எந்த ஸ்பான்சரும் தணிக்கை பண்ண முடியாத பாடம். பழைய உறுப்பினர்கள் ஷோவின் ஸ்டெப்புகளை மறந்த பிறகும் வீடுகளை ஞாபகம் வெச்சிருக்கிறதில் ஆச்சரியம் இல்லை.

நம்ம பக்கமும் ஒரு கிளை உண்டு. மகாத்மா காந்தியின் மகன் வழிப் பேரன், ராஜாஜியின் மகள் வழிப் பேரன், ராஜ்மோகன் காந்தி. அவர் எம்.ஆர்.ஏ.வில் தீவிரமாக இருந்தார். 1963-ல் கன்னியாகுமரியில் இருந்து டெல்லிக்கு ஒரு பயணம் நடத்தினார். பின்னாடி இந்திய இளைஞர்களை வைத்து ‘இந்தியா அரைஸ்’ என்ற இசை நிகழ்ச்சி உருவாகி ஐரோப்பா வரை போனது. மகாராஷ்டிராவில் பஞ்சகனி மலையில் அவர்கள் கட்டிய மையம் இன்னும் இருக்கு.

‘அப் வித் பீப்பிள்’ 2000 டிசம்பரில் கதவை மூடியது. பணத் தட்டுப்பாடு. பழைய உறுப்பினர்களின் ஆதரவோடு சில வருஷத்தில் சின்ன அளவில் மறுபடியும் தொடங்கினார்கள். அதே காலத்தில்தான், 2004-ல், கவுச்சர்ஃபிங் வந்தது. 2008-ல் ஏர்பிஎன்பி. காலி ரூமுக்கு ஒரு ரேட் இருக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரிந்துபோச்சு. என் ரெண்டாவது ரூமுக்கு ராத்திரிக்கு என்ன வாடகை வரும்னு ஒரு தடவை ஆப்பில் போட்டுப் பார்த்தவன் நான். மணிப்பூர் பிள்ளைகளுக்குப் பதில் போடாததுக்கு அதுவும் ஒரு காரணமான்னு கேட்டா, இல்லைன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

நாடகத்துக்குப் போனேன். முடிந்ததும் ஒரு பையனிடம் எங்கே தங்கியிருக்கீங்கன்னு ஆங்கிலத்தில் கேட்டேன். மேடைக்குப் பின்னாடி கையைக் காட்டினான். கிரீன் ரூமிலேயே பன்னிரண்டு பேரும். ஃபேன் ஒண்ணு. நல்லாத்தான் இருக்குன்னு சிரிச்சான்.

ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். அம்மா செய்யாறு பக்கத்து ஆள். பாரதக் கூத்துக்கு ஆட்டக்காரங்க வந்து இறங்கினா, எந்த வீட்டில் எத்தனை பேருக்குச் சாப்பாடுன்னு ஊரே பிரிச்சுக்குமாம். அர்ஜுனன் வேஷக்காரர் அவங்க வீட்டுத் திண்ணையில்தான் பகல் பூரா தூங்குவாராம், முகத்தில் பாதி அரிதாரத்தோட. அவர் எழுந்திருக்கிற வரைக்கும் பாட்டி உரலில் மாவு ஆட்ட மாட்டாங்களாம், சத்தம் கேட்கும்னு.

அப்புறம் கேட்டாங்க, “ஏன்டா, உன் வீட்டில்தான் ஒரு ரூம் சும்மா கிடக்கே?”

சரி, இன்னைக்கு இவ்வளவுதான். உங்க வீட்டிலோ, தாத்தா பாட்டி வீட்டிலோ இப்படி யாராவது வந்து தங்கின கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.