எஞ்சின் பின்னால் போன கதை

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓகஸ்ட் மாதத்து நண்பகலொன்றில், கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்ட் நகரிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நோக்கி நண்பர் ஒருவரின் காரில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் கொழும்பில் என்னோடு ஒரே பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தவர் அவர். சமவெளி முடிந்து, 'கிறேப்வைன்' என்று அந்நாட்டவர் அழைக்கும் மலையேற்றம் தொடங்கியிருந்தது. நூறு மீற்றர் ஓடினால் ஆறு மீற்றர் உயரும் சாய்வு; கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,260 மீற்றர் உயரத்திலுள்ள டெஹோன் கணவாய் வரை ஏறவேண்டும். வெளியே நாற்பது பாகை வெயில். எஞ்சின் கொதிக்காதிருக்கக் குளிரூட்டியை நிறுத்துங்கள் என்று வீதியோரத்தில் பலகை நாட்டியிருந்தார்கள்.

கிளைவழியொன்றின் ஓரத்தில், பஸ் வண்டியளவு நீளமான 'மோட்டோர் ஹோம்' ஒன்று பின்மூடி திறந்தபடி நின்றது. வீதியில் பச்சை நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதிய தம்பதியர் இருவர் நிழலில் மடக்குக் கதிரை போட்டு அமர்ந்திருந்தனர். ஓய்வுபெற்றபின் வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கியவர்கள். வேறு முகவரி கிடையாது. அந்தக் கோடையில் வண்டி கொதித்து நின்றது அது மூன்றாவது தடவை. இரண்டு திருத்துமிடங்களில் தண்ணீர்ப் பம்பியையும் வெப்ப வால்வையும் மாற்றிப் பணம் வாங்கியிருந்தார்கள். இனி இதை விற்கவும் முடியாது, இதில் வாழவும் முடியாது என்று அந்த அம்மையார் சொன்னார்.

"வீடே கொதிக்குது, அண்ணை" என்றார் நண்பர்.

இவ்வளவு பெரிய வண்டியின் எஞ்சினைக் காற்றுப் படாத பின்புறத்தில் ஏன் ஒளித்துவைத்தார்கள் என்ற கேள்வி அன்று என் மனதில் விழுந்தது. விடை தேடிப் படித்தவற்றைத்தான் இங்கு எழுதுகிறேன். இயந்திரவியல் எனக்குச் சொந்தத் துறை அல்ல. கலைப் பட்டதாரி எழுதும் எஞ்சின் வரலாறு என்பதை வாசகர்கள் மனதிற்கொள்க.

உலகின் முதலாவது மோட்டார் வண்டி என்று பொதுவாக ஏற்கப்படும் கார்ள் பென்ஸின் 1886 ஆம் ஆண்டு முச்சக்கர வண்டியில் எஞ்சின் பின்புறத்திலேதான் இருந்தது. அதைக் குளிரவைத்த முறை மிக எளியது. எஞ்சினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகும். குறையக் குறையச் சாரதி ஊற்றவேண்டும். 1888 ஓகஸ்டில் அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸ் தம் இரு ஆண்மக்களுடன் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமிற்கு, ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தூரம் அந்த வண்டியை ஓட்டிச் சென்ற கதை பலரும் அறிந்ததே. அடைபட்ட எரிபொருட் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தித் திறந்ததைத்தான் எல்லோரும் எழுதுவர். வழி நெடுகத் தண்ணீர் தேடித் தேடி ஊற்றியதை அவ்வளவாக எவரும் எழுதுவதில்லை. மோட்டார் வண்டியின் முதல் நெடும் பயணமே தண்ணீருக்கு அலைந்த பயணந்தான்.

1891 அளவில் பிரான்சின் பனார்ட் எ லெவசோர் நிறுவனத்தார் எஞ்சினை வண்டியின் முன்புறத்திற்குக் கொண்டுவந்தனர். அதன்பின், ஓடும் வண்டியின் முகத்தில் அறையும் காற்றையே எஞ்சினைக் குளிர்விக்கப் பயன்படுத்தும் வழி பிறந்தது. அதைச் செம்மைப்படுத்தியவர் ஜேர்மனியரான வில்ஹெல்ம் மைபாக். 1901 இல் புகழ்பெற்ற 35 குதிரைவலு மெர்சிடிஸ் வண்டிக்கு அவர் தேன்கூடு போன்ற றேடியேற்றரை அமைத்தார். 6 மில்லிமீற்றர் சதுரமான 8,070 சிறு குழாய்களை ஒன்றாகப் பற்றவைத்து, குழாய்களின் உள்ளே காற்றும் இடைவெளிகளில் தண்ணீரும் போகச் செய்தார். அந்த வண்டிக்கு ஒன்பது லீற்றர் தண்ணீர் போதுமானதாயிற்று. அதற்குப் பின் மோட்டார் வண்டி என்றால் முன்னால் றேடியேற்றர், அதன் பின்னால் எஞ்சின் என்ற முகம் நிலைத்துவிட்டது. காற்று இலவசமாகக் கிடைத்தது.

அந்த இலவசத்தை அமெரிக்கப் பஸ் கம்பனிகள் 1930களில் தாமாகவே கைவிட்டன. காரணத்தை விளங்கிக்கொள்ள நம்மூர்ப் பஸ்ஸை நினைத்தால் போதும். சாரதிக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியோடு ஒட்டி அமர்ந்து கடுகண்ணாவ ஏறியவர்களுக்கு அந்தச் சூடும் இரைச்சலும் டீசல் வாடையும் மறந்திராது. எஞ்சினைப் பின்னால் தள்ளிவிட்டால் அவை போகும். முன்பகுதி முழுவதும் ஆசனங்களுக்குக் கிடைக்கும். தரைக்கடியில் பயணப் பொதிகளுக்கு இடம் வரும். 1936 இல் யெலோ கோச் நிறுவனம் கிறேஹவுண்ட் கம்பனிக்காகச் செய்த 719 ஆம் இலக்க மாதிரி அவ்வாறு பின்புற எஞ்சினோடு வந்தது. குறுக்காக வைத்த எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கோணவழியில் கொண்டுசெல்லும் பொறியமைப்பைத் தந்தவர் டுவைட் ஒஸ்ரின். 1928 இல் படுக்கைகள் கொண்ட 'பிக்விக் நைற் கோச்' என்ற இரவுப் பஸ்ஸை வடிவமைத்தவரும் அவரே. வண்டிக்குள் கட்டிலைப் போட்ட மனிதரே எஞ்சினைப் பின்னால் வைக்கவும் வழி செய்தார் என்பது பொருத்தந்தான்.

1938 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் '71' வரிசை டீசல் எஞ்சின்களை வெளியிட்டது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 71 கன அங்குலம் என்பதால் அப்பெயர். இந்த எஞ்சின்கள் பின்புற எஞ்சின் பஸ்ஸோடு சேர்ந்துகொண்டன. 1954 முதல் 1956 வரை கிறேஹவுண்டுக்கென 1,001 'சீனிக் குறூசர்' பஸ்கள் செய்யப்பட்டபோது, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் இரண்டு எஞ்சின்களை இணைத்துப் பூட்டியிருந்தார்கள். அது தொல்லையாகவே முடிந்தது. 1961 - 62 இல் அவற்றைக் கழற்றி எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வைக்கவேண்டியதாயிற்று.

கம்பனிகள் கழித்துவிட்ட இத்தகைய பஸ்களை வாங்கி, ஆசனங்களை அகற்றி, அடுப்பும் கட்டிலும் வைத்தவர்களே பின்புற டீசல் எஞ்சின் வீட்டின் முன்னோடிகள். இசைக் குழுவினர் பலர் ஊரூராகச் சென்றது அத்தகைய பஸ்களிலேதான். தொழிற்சாலையில் வீடாகவே செய்யப்பட்ட வண்டிகள் ஆரம்பத்தில் பெரும்பாலும் முன்புற எஞ்சின் கொண்டவை. 1966 இல் வந்து சந்தையைப் பிடித்த வின்னபேகோவும் அப்படியே. இராணுவக் கவச வண்டிகள் செய்த எவ்.எம்.சி. நிறுவனம் 1970களின் நடுப்பகுதியில் சில ஆண்டுகள் பின்புறப் பெற்றோல் எஞ்சினோடு ஒரு வண்டியைச் செய்தது. சி.பி.எஸ். தொலைக்காட்சியின் சார்ள்ஸ் குறோல்ற் 1967 இல் தொடங்கி, அமெரிக்காவின் சிற்றூர்களைத் தேடிச் சென்று சாதாரண மனிதர்களின் செய்திகளைத் தந்தவர். அவர் அத்தொடரில் கடைசியாகப் பயன்படுத்திய வண்டி இந்த எவ்.எம்.சி. தான். இன்று டியர்போர்ணிலுள்ள ஹென்றி போர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு செய்தியாளனின் வண்டியை அருங்காட்சியகத்தில் வைக்கும் நாடும் உண்டு என்று எண்ணிக்கொண்டேன்.

1980களிலும் 90களிலும் கம்மின்ஸ், கற்றர்பில்லர் டீசல் எஞ்சின்களோடு, பின்னாலிருந்து தள்ளும் வண்டி என்ற பொருளில் 'டீசல் புஷர்' எனப்படும் பெரிய வீட்டு வண்டிகள் பெருகின. இங்குதான் பழைய கணக்கு திரும்பி வந்தது.

எரிக்கும் டீசலின் சக்தியில் நாற்பது வீதமளவே வண்டியை நகர்த்துகிறது. மீதியில் ஒரு பெரும் பகுதி புகையோடு போக, மற்றொரு பெரும் பகுதி தண்ணீருக்குள் இறங்குகிறது. அதை வெளியே தள்ளக் காற்று வேண்டும். பின்புற றேடியேற்றருக்கு எதிர்க்காற்று இல்லை. ஓடும் வண்டியின் முதுகில் இருப்பது அமுக்கம் குறைந்த, சுழன்று திரியும் காற்று. எஞ்சின் சுழற்றும் பெரிய விசிறி, வண்டியின் அடியிலிருந்து காற்றை இழுத்து றேடியேற்றர் வழியாகப் பின்னால் தள்ளவேண்டும். விசிறியின் வேகத்தை இரட்டித்தால் அது தின்னும் வலு எட்டு மடங்காகும் என்பது பௌதிகவியல் விதி. மைபாக்கின் வண்டி முகத்தில் வாங்கிய காற்றை இந்த வண்டிகள் எரிபொருள் கொடுத்து வாங்குகின்றன.

அது மட்டுமன்று. இன்றைய டீசல் எஞ்சினுக்கு ஊட்டும் காற்றை 'ரேர்போ' அழுத்துகையில் அக்காற்றும் நூறு பாகைக்கு மேல் சூடேறுகிறது. அதைத் தணிக்க இன்னொரு குளிர்விப்பான் வேண்டும். பல வண்டிகளில் அது றேடியேற்றருக்கு முன்னால் ஒட்டி நிற்பதால் றேடியேற்றருக்கு வந்துசேர்வது ஏற்கெனவே சூடான காற்று. கொலராடோவின் ஐசன்ஹவர் சுரங்கவழி போல 3,400 மீற்றர் உயரத்துக்கு ஏறினால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ முப்பது வீதம் குறைந்துவிடும். அங்கு திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 89 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும். றேடியேற்றரின் அழுத்த மூடியும் தண்ணீரில் கலக்கும் கிளைக்கோல் திரவமுமே அந்த எல்லையை மேலே தள்ளிவைக்கின்றன. பழைய மூடி ஒன்று இறுக்கம் தளர்ந்திருந்தால், எஞ்சின் நலமாக இருந்தும் வண்டி கொதிக்கும்.

ஆனால் இவற்றையெல்லாம் விட எளிமையான பகைவன் ஒன்று உண்டு, அழுக்கு. டீசல் எஞ்சினின் அடிப்பாகத்தில் சேரும் வாயுக்களை வெளிவிட ஒரு மூச்சுக்குழாய் இருக்கும். வாயுவோடு எண்ணெய்த் திவலையும் வரும். முன்புற எஞ்சின் லொறியில் அது பின்னால் வீதியில் சிந்திப் போய்விடும். பின்புற எஞ்சின் வண்டியிலோ அந்தக் குழாயின் வாய் விசிறிக்கு முன்னால் இருந்துவிடுகிறது. விசிறி அந்த எண்ணெயை எடுத்துக் குளிர்விப்பானின் தகடுகளில் பூசுகிறது. சக்கரங்கள் கிளப்பும் புழுதி அதன்மேல் ஒட்டுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், அழுக்குப் படிவது எஞ்சினைப் பார்த்த உட்பக்கத்தில். பின்மூடியைத் திறந்து பார்ப்பவனுக்கு வெளிப்பக்கம் பளபளவென்று தெரியும். தண்ணீர்ப் பம்பியை மாற்றுவான், வெப்ப வால்வை மாற்றுவான், கடைசியில் எஞ்சினையே சந்தேகிப்பான்.

உரிமையாளர்களே இந்தக் காரணத்தைக் கண்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள் என்பது இவ்வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி. கட்டிலைத் தூக்கி, அதன் கீழுள்ள பலகையைக் கழற்றி, மேலிருந்து எஞ்சின் அறைக்குள் இறங்கி, எண்ணெய் நீக்கும் சவர்க்காரத் திரவத்தைத் தெளித்து ஊறவிட்டு, மெல்லிய வேகத்தில் தண்ணீர் அடிக்கவேண்டும். வேகமாக அடித்தால் தகடுகள் மடிந்து காற்றை நிரந்தரமாக அடைத்துவிடும். பின்பு மூச்சுக்குழாயை விசிறியைத் தாண்டி நீட்டவேண்டும். சில டொலர் பெறுமதியான றப்பர்க் குழாய் அதற்குப் போதும். விசிறியைச் சுற்றிய வளையத்துக்கும் விசிறி நுனிக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தாலும், றேடியேற்றரின் ஓரங்களில் ஓட்டைகள் இருந்தாலும் தள்ளிய சூட்டுக் காற்றே திரும்பிச் சுற்றிவரும். அவற்றை றப்பர்ப் பட்டியால் அடைக்கவேண்டும்.

தவறான வைத்தியங்களும் உண்டு. வெப்ப வால்வைக் கழற்றி எறிவது அவற்றிலொன்று. பல எஞ்சின்களில் அப்படிச் செய்தால் தண்ணீரின் ஒரு பகுதி றேடியேற்றர் பக்கமே போகாமல் குறுக்குவழியில் சுற்றும், சூடு கூடும். றேடியேற்றரின்மேல் தண்ணீர் தெளிக்கும் குழாய் பூட்டியவர்களும் இருக்கிறார்கள். ஏற்றத்தில் அது உதவும். உவர்த் தண்ணீரானால் சுண்ணாம்பு படிந்து நாளடைவில் தகடுகளை அடைக்கும். செலவே இல்லாத பரிகாரம் சாரதியிடம் இருக்கிறது. ஏற்றத்தில் உயர் கியரில் எஞ்சினை முனகவிடாமல், கியரைக் குறைத்து எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டால் விசிறியும் பம்பியும் சேர்ந்து வேகமெடுக்கும். எஞ்சின் அலறினால் சூடேறும் என்று நினைத்துப் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்.

உற்பத்தியாளர்கள் விலைகூடிய வண்டிகளில் றேடியேற்றரைப் பின்புறத்திலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றினர். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் விசிறிகள், எஞ்சின் வேகத்தை நம்பியிராமல் சூட்டுக்கு ஏற்பச் சுழன்றன. புழுதியும் எண்ணெயும் குறைந்த பக்கக் காற்று கிடைத்தது. ஆனால் ஆறுதல் நீடிக்கவில்லை. 2000களின் முற்பகுதியில் இறுகிய அமெரிக்கப் புகைக் கட்டுப்பாடுகளுக்காக, வெளியேறும் புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து மீண்டும் எஞ்சினுக்குள் விடும் முறை பரவிற்று. புகையோடு போயிருக்கவேண்டிய சூடு அதனால் தண்ணீருக்குள் வந்தது. 2007 ஆம் ஆண்டு விதிகள் மூச்சுக்குழாயின் கசிவையும் கணக்கில் சேர்த்தபின்னரே அந்த எண்ணெய்த் திவலைக்கு வடிகட்டிகள் வரத் தொடங்கின. றேடியேற்றருக்காக எவரும் செய்யாததை ஊர்க் காற்றுக்காகச் செய்தார்கள்.

கிறேப்வைன் அடிவாரத்தில் கண்ட தம்பதியரோடு நண்பர் மின்னஞ்சல் தொடர்பு வைத்திருந்தார். அன்று வண்டியை இழுத்துச் சென்ற மூன்றாவது திருத்துமிடத்தில், வயதான மெக்கானிக் ஒருவர் எதையும் கழற்றுமுன் கட்டிலைத் தூக்கச் சொன்னாராம். உட்பக்கத்தில் கம்பளித் துணி போல ஒரு படை படிந்திருந்ததாம். இரண்டு நாள் கழுவினார்கள், மூச்சுக்குழாயை நீட்டினார்கள். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் அதே மலையை, கியரைக் குறைத்து, லொறிகளின் வரிசையில் மெதுவாக ஏறிக் கடந்ததாக அம்மையார் எழுதியிருந்தார். வெப்பமானியின் முள் நடுவைத் தாண்டவில்லையாம். கட்டிலின் கீழ்ப் பலகைக்கு மட்டும் அவர்கள் இன்னும் திருகாணி பூட்டவில்லை.